ஆச்சியின் ஜெபப் புத்தகம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், இரயில்வே பார்சல் அலுவலக எழுத்தராகிய உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

'ஓய்வு நேரத்தில் ஓவியம்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இரவுப் பணி முடித்து வந்தவனிடம் ஓய்வைப் பற்றிக் கேட்டால் அவன் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுவான். ஓவியத்தைப் பற்றிப் பேசவும் நமக்குத் தகுதி சிறிதே. பத்தாம் வகுப்புத் தேறியதோடு நம் படிப்பு நின்றது. ஆகவே பொதுப்படப் பேசாமல், இம்மண்டபத்தின் பின்சுவரில் தொங்கும் பதினொரு படங்களும் எவ்வாறு உண்டாயின என்பதை மட்டும் சொல்லிவிட்டு அமர விரும்புகிறோம்.

அப்படங்கள் யாவும் கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர்களுடையவை. நாமோ சைவ மரபில் வந்தவர். நெற்றியில் நீறு இல்லாமல் பணிக்குப் போவதில்லை. இதனால் காலனியில் சில பேச்சுகள் எழுந்ததை அறிவோம். 'ஞானஸ்நானம் எப்பொழுது?' என்று பார்சல் கவுண்டரிலேயே வந்து வினவிய நண்பர் ஒருவர் இதோ முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அவர் சிரிப்பதைப் பார்த்தால் விடையை இன்னும் எதிர்பார்க்கிறார் போலும்.

மற்றொன்று. 'நாம், நாம்' என்று பேசுவதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டா. கோடு கிழித்தது நம் கை. கட்டம் எண்ணிச் சொன்னது நம் மனைவியின் வாய். பென்சில் சீவித் தந்தது மகளின் கை. 'நான்' என்று பேசிவிட்டு வீடு திரும்ப இயலாது.

நாம் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்ற அவ்வூர் ஒரு காலத்தில் தெய்வப் படங்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிவந்த ஓவியர் சி. கொண்டைய ராஜு அங்கேயே நிலைத்துத் தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணாக்கர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சேறி நாட்காட்டிகளாக நாடெங்கும் சென்றனர். கொண்டைய ராஜு 1976-இல் மறைந்தார். நாம் பிறந்தது அதற்கும் பின்னர். ஆயினும் நம் தெருவில் அவர் கைவழி வந்த முகம் ஒன்று தொங்காத சுவர் இல்லை. ஆண்டு முடிந்ததும் கழற்றிய படத்தின் வெள்ளைப் பின்புறம் நமக்கு வரைதாள். புதிதாய் மாட்டிய ஆண்டின் தெய்வம் நமக்கு முன்மாதிரி. பள்ளியின் ஓவிய ஆசிரியர், கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கும் முறையைக் கற்பித்தார். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்திற்கு லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என இரண்டு உண்டு, இரண்டிலும் தேறினோம். சென்னையில் 1850-இல் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. என்றாவது ஒரு நாள் அங்கே சேர்வோம் என்ற நம்பிக்கையில், போர்டு எழுதும் கடையொன்றில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தோம்.

நம் தந்தையார் இந்தக் கரக்பூர்ப் பணிமனையில் பிட்டர். ஆண்டுக்கு ஒருமுறை பாஸில் ஊர் வருவார். 1999-இல் அவர் பணியில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் கலாசியாக நம்மைச் சேர்த்துக்கொண்டார்கள். பின்பு துறைத் தேர்வு எழுதி எழுத்தரானோம். டிரங்குப் பெட்டியின் அடியில் பென்சில்களும் வந்தன, அடியிலேயே இருந்தன. வேலைப் பளு, தங்கைகளின் திருமணம், மொழி தெரியாத ஊர் என்று காரணங்கள் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் நம்மை எவரும் தடுக்கவில்லை. ஒரு நாள் வரையவில்லை, மறுநாளும் வரையவில்லை. அவ்வாறே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன.

அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸில் ஒரு லோகோ பைலட் குடும்பம் இருந்தது. அவருடைய அன்னையாரை நாம் எல்லோரும் ஆச்சி என்றே அழைப்போம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் அவர் ஊர். ஆச்சியின் கண்ணில், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோயிருந்தது. வயது முதிர்ந்தோர்க்கு வரும் நோய் அது. கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்நோயின் இயல்பு விந்தையானது. ஓரத்துப் பார்வை இருக்கும். நடுப் பார்வை போகும். ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. எதை நேராக நோக்குகிறோமோ அதுதான் மறையும். ஆகையால் ஆச்சி எவரோடு பேசினாலும் தலையைச் சற்றே வலப்புறம் திருப்பி, கோழி பார்ப்பதுபோல் சாய்த்துப் பார்ப்பார்.

அவரிடம் ஓர் ஜெபப் புத்தகம் உண்டு. அதன் ஏடுகளுக்கிடையே, கோயில்களில் கிடைக்கும் சிறு படங்களை அறுபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். 2021-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, மகளோடு அவரைக் காணச் சென்றிருந்தோம். அவர் புத்தகத்தைப் பிரித்துப் படங்களை ஒவ்வொன்றாய் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"முனை மடங்கியிருந்தா அர்ச்சியசிஷ்ட அந்தோணியார். ஓரத்துல பூவேலை இருந்தா சூசையப்பர். விரலுக்கு எல்லாரையும் தெரியுது தம்பி. கண்ணுக்குத்தான் ஒருத்தரையும் தெரியல."

நம் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எங்க அப்பா பெருசா வரைஞ்சு தருவாங்க ஆச்சி" என்றாள். பள்ளிக்கூடப் பணிக்காக ஒருமுறை மயில் வரைந்து கொடுத்திருந்தோம். அவள் கண்ட நம் ஓவியத் திறமை அவ்வளவே. ஆச்சி தலையைச் சாய்த்து நம் பக்கம் நோக்கி, "நிசமாவாய்யா?" என்றார். மறுக்க இயலவில்லை.

முதலில் அந்தோணியாரை எடுத்துக்கொண்டோம். பதுவை அந்தோணியார் என்று சொன்னாலும் அவர் பிறந்தது 1195-இல் லிஸ்பன் நகரில். பதுவை அருகே 1231-இல் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பழுப்பு அங்கி, இடையில் கயிறு, கையில் குழந்தை இயேசு, ஒரு லீலி மலர்த் தண்டு. இவற்றைக் கண்டால் எந்நாட்டுக் கத்தோலிக்கரும் இவரை அறிந்துகொள்வர். ஒவ்வொரு புனிதருக்கும் இவ்வாறு ஓர் அடையாளம் உண்டு. இராயப்பருக்குத் திறவுகோல், சின்னப்பருக்கு வாள், செபஸ்தியாருக்கு அம்பு, கத்தரீனம்மாளுக்குச் சக்கரம். முருகனை வேலாலும் கண்ணனைக் குழலாலும் அறிந்து வளர்ந்த நாட்காட்டிப் பிள்ளைக்கு இது புதிதன்று. பார்சல் எழுத்தனுக்கோ சிறிதும் புதிதன்று. கட்டின் மேலுள்ள மார்க்கைக் கொண்டுதானே உரியவரை அறிகிறோம்!

படத்தின் அகலம் ஆறு சென்டிமீட்டர், உயரம் பத்து. கண்ணாடித் தாள் ஒன்றில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகக் கட்டம் இழுத்து மேலே வைத்தோம். குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே இருபது. ஆக 240 கட்டங்கள். கார்ட்ரிஜ் தாளில் அவற்றையே மூன்று சென்டிமீட்டர்க் கட்டங்களாக இழுத்தோம். படம் ஆறு மடங்கு பெரிதாகும். நம் மனைவி படத்தைப் பார்த்து, 'நாலாவது கட்டம், ஒன்பதாவது வரிசை, மேல் மூலையிலிருந்து நடுவுக்கு வளைகிறது' என்று சொல்லிக்கொண்டே வர, நாம் வரைந்துகொண்டே சென்றோம். தொடக்கத்தில் அம்மையாருக்கு இதில் விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நம்ம சாமி படம் ஒண்ணு வரைய இத்தனை வருஷம் நேரமில்லை, இப்ப மட்டும் எப்படி வந்தது?" என்ற அவருடைய கேள்விக்கு இன்றளவும் தக்க விடை நம்மிடம் இல்லை.

கட்டம் நம்மை முகம் வரையில் கொண்டுபோய் விட்டது, முகத்தில் கைவிட்டது. சிறு படத்தில் அந்தோணியாரின் தலை ஒரு சென்டிமீட்டர்தான். அதில் கண் என்பது ஒரு கரும்புள்ளி. ஆறு மடங்கு பெரிதாக்கியபோது கண் பெரிதாகவில்லை, புள்ளிதான் பெரிதாயிற்று. இமை எங்கே முடிகிறது, விழி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்னும் செய்தி அந்தச் சிறு தாளில் இல்லவே இல்லை. இல்லாததைப் பெரிதாக்க எந்த முறையாலும் ஆகாது. நாமோ அதை ஒப்புக்கொள்ளாமல், எச்.பி., 2பி பென்சில்களால் மெல்ல மெல்ல நிழல் பூசி மறைத்தோம். மூன்று வாரம் ஆயிற்று. முடிந்தபோது நம் கண்ணுக்கு அது மிக நேர்த்தியாய்த் தோன்றியது. கன்னத்து நிழலைக் கண்டு நாமே வியந்துகொண்டோம்.

ஆச்சியிடம் கொண்டுபோய் விரித்தோம். அவர் தலையை வலப்புறம் சாய்த்தார், இடப்புறம் சாய்த்தார், எழுந்து சன்னலருகே போய் நின்று பார்த்தார்.

"மேகம் மாதிரி இருக்குய்யா. மழை மேகமா?"

அவர் குறும்பாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். அதன்பின் நாலைந்து நாள் நாம் பென்சிலைத் தொடவில்லை. மீண்டும் டிரங்குப் பெட்டிக்கே அதை அனுப்பிவிடுவோம் என்றுகூட நினைத்தோம். மென்மையான நிழலெல்லாம் அந்தக் கண்ணுக்கு ஒரே வெண்மை. கருமைக்கும் வெண்மைக்கும் இடையே கத்தியால் அறுத்தாற்போன்ற எல்லை இருந்தால்தான் தெரியும். நாம் தேர்வெழுதித் தேறிய கலையோ நிழலின் கலை.

அப்பொழுது அலுவலகத் தோழராகிய ஒரு வங்காளி நண்பர் நம்மை நயா கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். ஹௌரா பாதையில் சில நிலையங்கள் தள்ளிப் பாலிசக்கில் இறங்கி, பிங்களா பக்கம் சாலை வழியாகப் போக வேண்டும். இத்தனை ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் இருந்தும் அவ்வூரின் பெயரை நாம் அறியாதிருந்தது வெட்கத்துக்குரியது. இங்கே அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கேட்டு உங்களையும் வெட்கப்படுத்த விரும்பவில்லை. அவ்வூரில் படுவாக்கள் என்னும் ஓவியர் குடிகள் வாழ்கின்றன. நீண்ட சுருளில் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து, சுருளை அவிழ்த்து விரலால் சுட்டிக்கொண்டே பாடுவார்கள். மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறம், சங்குப்பூவிலிருந்து நீலம், புகைக்கரியிலிருந்து கருமை. பிடிப்புக்கு வில்வக்காயின் பிசின். துர்க்கையையும் மனசா தேவியையும் பாடி வரையும் அவர்கள் இசுலாமியர். சுருளில் தெய்வத்தை வரைந்து பாடிவிட்டுத் தொழுகைக்குப் போகிறார்கள். முன்வரிசை நண்பருக்கு இதைத் தனியே சொல்கிறோம்.

அவர்களுடைய உருவங்களில் நிழல் என்பதே இல்லை. தட்டையான நிறம், சுற்றிலும் கெட்டியான கருங்கோடு, மீன்போல் நீண்ட பெரிய கண். பத்தடி தள்ளி நின்றாலும் யார் யாரைப் பார்க்கிறார் என்று தெரிகிறது. பாங்குராவில் பிறந்த பெரும் ஓவியர் ஜாமினி ராய், மேனாட்டு முறையில் பயின்றும் அதை விடுத்து, இத்தகைய நாட்டுப்புறப் படக்காரர்களின் கோட்டுக்கே திரும்பினார். அந்தக் கோட்டினால் கிறிஸ்துவையும் தீட்டினார். அவர் துறந்து வந்த தூரம் பெரிது. நாம் துறக்க வேண்டியது லோயர் கிரேடும் ஹையர் கிரேடும் மட்டுமே. ஆயினும் மனம் வலித்தது.

மறுவாரம் பென்சிலை ஒதுக்கிவிட்டுக் கரிக்கோலும் தடித்த தூரிகையும் எடுத்தோம். அங்கே அடுத்த தொல்லை காத்திருந்தது. நிழலில் பொய்யை மறைக்கலாம். ஒற்றைக் கோட்டில் மறைக்க முடியாது. மூக்கின் கோடு எங்கே திரும்புகிறது என்று தெரிந்தால் ஒழியக் கையை வைக்க முடியாது. ஔவை சித்திரத்தைக் கையின் பழக்கத்தோடு சேர்த்துச் சொன்னாள். நமக்குக் கையைவிடக் கண்ணே பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பார்சல் கவுண்டரில் இருபது ஆண்டுகளாக என்ன பார்த்தோம்? கட்டின் எடை, மார்க், சேருமிடம், கட்டணம். கட்டைக் கொண்டுவந்தவர்க்கு மூக்கு இருந்ததா என்று யாரேனும் சாட்சி கேட்டிருந்தால் விழித்திருப்போம். இப்பொழுது பார்க்கத் தொடங்கினோம். வெற்றிலைக் கூடை அனுப்ப வரும் கிழவர் ஒருவர் ரசீதைக் கண்ணருகே பிடித்துப் படிக்கும்போது அவர் நெற்றியில் விழும் மூன்று மடிப்புகளையும் கண்டோம். அவை சூசையப்பருக்குப் போயின. பார்சல் போர்ட்டர் ஒருவர் கயிற்றை இறுக்கும்போது முன்கையில் புடைக்கும் நரம்பு செபஸ்தியாருக்குப் போயிற்று. அந்தோணியாரின் லீலி மலரை நாம் நேரில் கண்டதில்லை. கூடை கூடையாய் வந்து இறங்கும் ரஜனிகந்தாவை, அதாவது நம் ஊர்ச் சம்பங்கியை, அவர் கையில் கொடுத்துவிட்டோம். பெரிய குற்றமாகாது என்று நம்புகிறோம். இரண்டாம் முறை வரைந்த அந்தோணியாரை ஆச்சி பார்த்தார். தலையைச் சாய்த்த மாத்திரத்தில், "பிள்ளை இடக்கையில இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் நாற்பது முறை வரையலாம் என்றிருந்தது.

அதன்பின் ஏறத்தாழ மாதம் ஒன்று. எல்லாவற்றையும் விரித்துரைக்க நேரமில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

சிறுமலர் தெரேசம்மாள் 1873-இல் பிறந்து 1897-இல், இருபத்துநாலு வயதில் மறைந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ. மற்றப் புனிதர்களைப்போல் அல்லாமல் இவருக்குப் புகைப்படங்கள் உண்டு. இவருடைய தமக்கை செலின் 1894-இல் அதே மடத்தில் சேர்ந்தபோது ஒரு கேமராவையும் உடன் கொண்டுவந்தார். ஆனால் பின்னாளில் அச்சாகிப் பரவியவை, முகத்தைத் திருத்தி மென்மையாக்கிய படங்களே. திருத்தாத மூலப் படங்கள் 1961-இல்தான் வெளியாயின. இரண்டையும் பக்கத்தில் பக்கமாய் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். திருத்திய படத்தில் சர்க்கரைப் பாவை. திருத்தாத படத்தில் உறுதியான மோவாயும் களைத்த கண்களும் உடைய ஒரு பெண். நாம் இரண்டாவதை வரைந்தோம். "யாரிது, கணக்கு டீச்சர் மாதிரி?" என்றார் ஆச்சி. சிறிது நேரம் சென்றபின், "இருக்கட்டும். இவங்ககிட்ட கேட்டா தட்டமாட்டாங்க போலிருக்கு" என்று வைத்துக்கொண்டார்.

அன்னை தெரேசாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாநிலத்தின் தலைநகரில் வாழ்ந்து 1997-இல் மறைந்தவர்; 2016-இல் புனிதர் ஆனவர். குடும்பத்தோடு கல்கத்தா சென்று அவர் கல்லறையையும் கண்டு வந்தோம். வரைவதற்கு அவரே எளியவர். அந்த முகம் முழுவதும் கோடுகளால் ஆனது. நாம் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

அருளானந்தர்தாம் நம் வீட்டு வழக்கைத் தீர்த்துவைத்தார். லிஸ்பனில் 1647-இல் உயர்குடியில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, மறவர் நாட்டில் காவியுடுத்திப் பண்டாரச் சாமியாராய் வாழ்ந்து, 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு மாண்டார். அந்தக் காவி உடையையும் தாடியையும் நாம் வரைந்து முடித்தபோது, அடுப்படியிலிருந்து வந்த நம் மனைவி நின்று பார்த்து, "இவரு நம்ம மடத்துச் சாமி மாதிரியில்ல இருக்காரு!" என்றார். அதற்குப்பின் கட்டம் எண்ணுவதில் சலிப்புக் காட்டவில்லை. ஆனால் லூசியம்மாளின் படத்துக்கு வந்தபோது நமக்கே கை ஓடவில்லை. தம் இரு கண்களையும் ஒரு தட்டில் ஏந்தி நிற்பவராக அவரை வரைவது மரபு. கண்நோய் உள்ளோர்க்கு அவரே பாதுகாவலர். கண் போய்க்கொண்டிருக்கும் மூதாட்டிக்கு இதை எப்படி வரைந்து நீட்டுவது? தட்டை விட்டுவிட்டு விளக்கொன்றை மட்டும் கையில் கொடுத்துக் கொண்டுபோனோம். ஆச்சி சாய்த்துப் பார்த்துவிட்டு, "தட்டு எங்கய்யா?" என்றார். திருப்பிக் கொண்டுவந்து தட்டை வரைந்தோம்.

இனிப் பன்னிரண்டாவது படம். இது இந்தச் சுவரில் இல்லை.

தேவசகாயம் பிள்ளை 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். நீலகண்டன் என்பது முதற்பெயர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அலுவல் பார்த்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். பின்பு சிறைப்பட்டு, விலங்கோடு ஊர் ஊராய் இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் உடல் அடங்கியிருக்கிறது. 2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை, ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். ஆச்சி ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர். அன்று நம் மகள் கைபேசியில் அந்நிகழ்ச்சியை வைத்துக் காட்டினாள். ஆச்சிக்குக் கேட்டது, தெரியவில்லை.

"இவரை மட்டும் வரைஞ்சு குடுத்துரு ராசா. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்."

உயிரோடு இருக்கும்போது எவரும் பார்த்து வரைந்த படம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. கைகால்களில் விலங்கு, மண்டியிட்ட நிலை, மேல் நோக்கிய முகம் என்று வழக்கமாக வரைவதே முன்மாதிரி. விலங்கு நமக்கு எளிது. இரயில்வேயில் சங்கிலிக்குப் பஞ்சமில்லை. முழங்காலுக்குப் போர்ட்டர் ஒருவர் உதவினார். முகந்தான் வரவில்லை. ஆறு மாதம் சென்றது. அதற்குள் ஆச்சியின் பார்வையில் மீதியிருந்த ஓரமும் தேய்ந்துகொண்டே வந்தது. நவம்பரில் ஒருவாறு முடித்துக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தோம். ஆச்சி வலப்புறம் சாய்ந்தார், இடப்புறம் சாய்ந்தார், நாற்காலியை இழுத்து முகத்தை ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுபோனார். பின்பு நிமிர்ந்து அமர்ந்து, "நீயே சொல்லு" என்றார்.

நாம் சொல்லத் தொடங்கினோம். மலை பின்னால் இருக்கிறது. அவர் மண்டியிட்டிருக்கிறார். இடையில் வெள்ளை வேட்டி. ஆச்சி குறுக்கே கேட்டார்: சங்கிலி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது? தொங்குகிறதா, இறுகியிருக்கிறதா? மயிர் குடுமியா, அவிழ்ந்து கிடக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் படத்தைப் பார்த்து விடை சொன்னோம்.

"வாய் மூடியிருக்கா, திறந்திருக்கா?"

பார்த்தோம். மீசைக்குக் கீழே கருமையாக ஒரு பட்டை இட்டிருந்தோம். மூடிய வாய் என்றும் சொல்லலாம், திறந்த வாய் என்றும் சொல்லலாம். அந்தோணியாரின் கன்னத்தில் நிழல் பூசி ஏமாற்றிய அதே கை, இங்கே கருங்கோட்டாலும் ஏமாற்றக் கற்றுக்கொண்டிருந்தது. "தெரியலை ஆச்சி" என்றோம்.

"வரைஞ்சவனுக்கே தெரியலன்னா நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

சினமில்லை அவர் குரலில். ஆனால் அன்று போல் நாம் எந்த மேலதிகாரி முன்னும் நின்றதில்லை. சற்றுப் பொறுத்து அவரே, "ஜெபம் சொல்லிக்கிட்டேதான் இருந்திருப்பாரு" என்றார். நமக்கு ஒன்று தோன்றியது. "ஆச்சி, நீங்க ஜெபம் சொல்லுங்க, கேக்கறேன்" என்றோம். அவர் ஜெபமாலையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்கலானார். நாம் கேட்கவில்லை, பார்த்தோம். மேலுதடு அசையவே இல்லை. கீழுதடு மட்டும் இடப்பக்கமாய்ச் சற்றே இறங்கி இறங்கி ஏறுகிறது. முன்பல் ஒன்றின் நுனி தெரிகிறது. மோவாய்க்குழி ஆழ்கிறது. சட்டைப் பையிலிருந்த பழைய வேபில்லின் பின்புறத்தில் அதைக் குறித்துக்கொண்டோம். ஐம்பத்துமூன்று மணியும் முடியும் வரை அவர் சொன்னார். நாமும் அத்தனை முறை வரைந்திருப்போம். அன்று இரவு வீட்டில் அந்தக் கரும்பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு வாயை வரைந்தோம். மறுநாள் போய், "திறந்திருக்கு ஆச்சி, கொஞ்சமா" என்றோம். "எந்தப் பக்கம்?" "இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலா." ஆச்சி தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். யாருடைய வாய் என்று நாம் சொல்லவில்லை. அவர் மருமகளுக்குத் தெரிந்துவிட்டது, அவரும் சொல்லவில்லை.

2023-இல் ஆச்சி ஊருக்கே போய்விட்டார். மகள் வீட்டில் இருக்கிறார். புறப்படும்போது, "மத்ததெல்லாம் சங்கத்துல மாட்டுங்க, பிள்ளைங்க பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவதை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப்போனார். பார்ப்பவர்களிடம் என்ன வரைந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வாராம். அதனால்தான் இங்கே பதினொன்று.

முன்வரிசை நண்பருக்கு: ஞானஸ்நானம் பற்றி ஆச்சி ஒருநாளும் நம்மிடம் பேசியதில்லை; நாமும் நினைத்ததில்லை. வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான் எங்களிடையே நடந்த சமய விவாதம்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. செயலாளர் அவர்கள் இசைந்திருப்பதால், வரும் ஞாயிறு முதல் மாலை நான்கு மணிக்குச் சங்கப் படிப்பறையில் சிறுவர் சிறுமியர்க்கு ஓவிய வகுப்பு நடைபெறும். நம் இரவுப் பணி விழும் வாரங்களில் மட்டும் இராது. கட்டணம் இல்லை. தாள் சங்கத்தில் தரப்படும். ஒருபுறம் அச்சிட்ட தாளாக இருக்கும், பொறுத்துக்கொள்க. 4பி பென்சில் ஒன்றும், வரைவதற்கு ஒரு முகமும் உடன் கொண்டுவர வேண்டும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களையே அழைத்து வரலாம். அவர்களுக்குச் சாய்வு நாற்காலி போடப்படும்.